கடலில் மிதக்கும் நாற்றங்கால்

தெற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா தீவில் குடும்பத்துக்குக் குடும்பம் உருளைக்கிழங்குத் தோட்டம் உண்டு. ஆனால், கைக்குப் பணம் வருவது கடலில் இருந்துதான். 250 பேருக்கும் குறைவாக வாழும் இந்தத் தீவில் விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்து 2,800 கி.மீ. கப்பலில் போக வேண்டும். காற்றும் அலையும் ஒத்துவரும் நாளில் அதிகாலையில் ஊர் மணி அடிக்கும்; சிறு படகுகள் சிங்கி இறால் பிடிக்கக் கிளம்பும். தீவின் வருமானத்தில் பெரும்பங்கு இதுவே.

கிழங்குப் பயிருக்கு விதைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிங்கி இறாலுக்கு விதை நடுக்கடலில் இருக்கிறது. தாய் இறால் வயிற்றின் அடியில் பல்லாயிரம் முட்டைகளைச் சுமக்கும். பொரித்து வரும் குஞ்சுக்கு ‘பில்லோசோமா’ என்று பெயர். இதற்குத் தாயின் சாயலே இருக்காது. இலைபோலத் தட்டையாக, கண்ணாடிபோல உடல், நீண்ட மெல்லிய கால்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு கிடையாது. விலங்கு மிதவை உயிரிகளோடு தானும் ஒன்றாக மிதந்து, அவற்றிலேயே மென்மையானவற்றைத் தின்று பல மாதங்கள் வளரும். பலமுறை தோல் உரித்த பிறகுதான் இறால் உருவம் வரும். அந்தப் பருவத்தில் இரை எடுக்காது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை நம்பியே கரையோரப் பாறையைத் தேடி நீந்தும். சுற்றிலும் ஆழ்கடல். தீவைத் தவறவிட்டால் ஒதுங்க இடமில்லை.

பிடிக்கும் அளவுக்கு அது பெருக்க மேலும் சில ஆண்டுகள் ஆகும். ஆக, இந்த ஆண்டு குஞ்சு வரத்து குறைந்தால் அடி விழுவது பின்னால்தான். தீவுக்காரர்கள் கையில் இருப்பது தாயைக் காப்பது மட்டுமே. அதனால் முட்டை சுமக்கும் இறாலும் அளவில் சிறியதும் கடலுக்கே திரும்புகின்றன. ஒவ்வொரு தீவிலும் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும், 2011 மார்ச்சில் வெளியில் இருந்து சோதனை வந்தது. பிரேசிலில் இருந்து 65,000 டன் சோயா ஏற்றி வந்த ‘ஒலிவா’ கப்பல், அருகில் உள்ள நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. எரிஎண்ணெய் பரவியது, சோயா கடலில் கொட்டியது. நைட்டிங்கேல், இன்அக்சசிபிள் ஆகிய இரு தீவுகளிலும் அடுத்த பருவம் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்தபோதும், பிடிக்கும் அளவைக் குறைத்தே அனுமதித்தார்கள்.