வீடு மாறுது வெப்சைட்!

சீனியர்ஸ் ராத்தூக்கம் தொலைத்துக் கட்டின சிம்போசியம் வெப்சைட். பேரைத் தட்டினாலே கூகுளில் முதல் ஆளாக வந்து நிற்கும். இந்த வருஷக் கமிட்டியில் யாராவது ஒருத்தர், 'பேரு பழசா இருக்கு மச்சான், புது டொமைன் வாங்கிடலாம்' என்று கொளுத்திப் போடுவார். அன்றைக்கே பழசை மூடி, புதுசைத் திறந்துவிடுவார்கள். விளைவு? தேடி வருகிற வெளியூர் பசங்களுக்கு 'பேஜ் நாட் ஃபவுண்ட்'தான் வரவேற்பு. அவங்க அப்படியே வேற காலேஜ் சிம்போசியத்துக்கு ஜூட்!

டொமைன் மாற்றுவது ஒண்ணும் குத்தமில்லை பாஸ். லண்டனின் 'கார்டியன்' பத்திரிகையே மாறியிருக்கிறது. உலகம் பூரா வாசகர்கள் இருக்க, முகவரியில் மட்டும் 'யூகே' ஒட்டிக்கொண்டிருந்தது. 2013 ஜூலையில் கார்டியன்.கோ.யூகே என்பதை விட்டு திகார்டியன்.காம் முகவரிக்குப் போனார்கள். அத்தனை வருஷச் செய்திகளும் பத்திரமாகக் கூடவே போயின. எப்படி?

மேட்டர் சிம்பிள். நம்ம மார்க் எல்லாம் ரிஜிஸ்டர் நம்பர் பேரில்தானே பதிவாகும்? கூகுளும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் சேர்ந்த மதிப்பு, அந்தப் பக்கத்தின் முகவரி பேரில் இருக்கும். அடுத்தவர்கள் கொடுத்த லிங்க்குகளும் அதையேதான் காட்டும். நம்பரை மாற்றினால் தேர்வுத் துறைக்குச் சொல்லணுமா, வேண்டாமா?

சொல்லும் விதம் இதோ...

301 போடுங்க: பழைய முகவரிக்கு யார் வந்தாலும், 'நிரந்தரமா இங்கே மாறிட்டோம்' என்று சர்வர் சொல்கிற பதில்தான் 301. 302 என்றால் 'தற்காலிகம்' என்று அர்த்தம். நிரந்தர மாற்றத்துக்கு 301தான் சரி. இப்படித் திருப்பிவிட்டால் பேஜ்ரேங்க் மதிப்பு குறையாது என்று 2016-லேயே கூகுள் தரப்பில் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்துக்குப் பக்கம்: பழைய பக்கங்களை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதுங்கள். எதிரே புது முகவரி. பேப்பர் பிரசன்டேஷன் பக்கம் புது சைட்டின் பேப்பர் பிரசன்டேஷன் பக்கத்துக்கே போகணும். சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் ஹோம் பேஜுக்குத் தள்ளினால், கூகுள் அதை 'இல்லாத பக்கம்' கணக்கில் சேர்த்துவிடும்.

கதவைப் பூட்டாதீங்க: பழைய சைட்டை ரோபோட்ஸ் ஃபைலில் தடுத்துவிட்டால், கூகுளால் 301-ஐப் பார்க்கவே முடியாது. டெஸ்டிங் நேரத்தில் புது சைட்டில் போட்ட 'நோஇன்டெக்ஸ்' வரியையும் மறக்காமல் எடுங்கள்.

லிங்க்கையும் மாத்துங்க: மெனு, உள்ளே இருக்கிற லிங்க்குகள், கனானிக்கல் டேக் எல்லாம் புது முகவரியைக் காட்டணும்.

மனு கொடுங்க: கூகுள் சர்ச் கன்சோலில் பழசு, புதுசு இரண்டுக்கும் நீங்கதான் ஓனர் என்று நிரூபித்துவிட்டு, 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' வசதியில் தகவல் கொடுங்கள். புது சைட்மேப்பையும் சமர்ப்பியுங்கள்.

ஒரே நேரத்தில் ரெண்டு வேலை வேண்டாம்: டொமைன் மாறும் அன்றைக்கே டிசைனையும் மாற்றினால், ரேங்க் இறங்கும்போது காரணம் எதுவென்றே தெரியாது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சில வாரங்களுக்கு ரேங்க் கொஞ்சம் மேலேயும் கீழேயும் ஆடும். பதறிப்போய் பழசுக்கே திரும்பிவிடாதீர்கள். அதனால் சிம்போசியத்துக்கு முந்தின வாரம் இந்த வேலையே கூடாது. செமஸ்டர் லீவுதான் நல்ல நேரம்.

ரொம்ப முக்கியமான விஷயம், பழைய டொமைனைக் கைவிடாதீங்க! 301 குறைந்தது ஒரு வருஷமாவது இருக்கட்டும் என்கிறது கூகுள். அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது. ரினியூ பண்ணாமல் விட்டால் அந்தப் பேரை வேறு யாரும் வாங்கலாம். போன வருஷ போஸ்டரில் இருக்கிற முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றால், மானம் போவது நம்ம டிபார்ட்மென்ட்டுக்குத்தானே?

ரினியூவல் தேதி, பாஸ்வேர்ட், அந்த எக்செல் ஷீட்... பாஸ் அவுட் ஆகும் முன் இந்த மூன்றையும் ஜூனியர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஃபேர்வெல் போட்டோ எல்லாம் அப்புறம்!