குளக்கட்டும் வதந்தியும்: பொய்ச் செய்தியை இனங்காணக் கற்பித்தல் பற்றிச் சில குறிப்புகள்

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற இரணைமடுக்குளம் கிளிநொச்சி விவசாயிகளின் வாழ்வாதாரம். 2018இற் புனரமைப்பு முடிந்தபின் அதன் முழுக்கொள்ளளவு 36 அடி எனப்படுகிறது. மழைக்காலத்தில் இந்த அடிக்கணக்கே ஊரின் முதற்செய்தி. ‘கட்டு உடைக்கப் போகிறது’ என்ற ஒரு வரி கைத்தொலைபேசிகளிற் பரவினால் பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் உள்ளோர் நள்ளிரவிற் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பொய்யென்று கருதி இருந்துவிட்டால், அது மெய்யாகும் நாளில் உயிர்போகும். வன்னி மாணவனுக்குப் பொய்ச் செய்தியை இனங்காணக் கற்பித்தல் என்பது இத்தகைய சூழலில் நிகழும் வேலை.

2018 டிசெம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வான்கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து விசாரணை வரை சென்றது. இதனை ‘வதந்தி’ என்று ஒதுக்குதல் தவறு. பாதிக்கப்பட்டோர் எழுப்பிய வினா அது. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்கும் புனையப்பட்ட பொய்க்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் முதலிற் பயில வேண்டும். அதிகாரத்துக்கு ஒவ்வாத அனைத்தையும் பொய்யென முத்திரை குத்தும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்தே வாழ்கிறது.

‘அரசாங்க அறிவித்தலை மட்டும் நம்புக’ என்ற எளிய அறிவுரை வன்னியிற் செல்லுபடியாகாது. 2009 பெப்ரவரியிற் போர்ப்பகுதியிற் சிக்கியிருந்த குடிமக்கள் ஏறத்தாழ 70,000 பேரே என அரசு கூறியது. பின்னர் வெளியேறி முகாம்களில் அடைக்கப்பட்டோர் 2,80,000இற்கும் மேற்பட்டோர். அக்குறைந்த கணக்கு உணவும் மருந்தும் அனுப்பப்படுவதைக் குறைக்கப் பயன்பட்டதென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதிற்று. ஓர் எண்ணே இங்கு ஆயுதமாயிற்று.

தமிழ்த் தரப்பின் பொய்களைப் பேசாது விடுவதும் நேர்மையன்று. 2023 பெப்ரவரி 13ஆம் திகதி தஞ்சாவூரிற் பழ. நெடுமாறன் பிரபாகரன் உயிருடன் இருப்பதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 27இல், பிரபாகரனின் மகள் துவாரகா எனக் கூறிக்கொண்ட ஒரு பெண்ணின் காணொளி வெளியாயிற்று. முன்னைய பொய் பட்டினியை விளைத்தது. பின்னையவை துயரத்தை முதலாக்கின. இரண்டும் ஒரே நிறையுடையன அல்ல. ஆயினும் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தாக வேண்டும்.

பொய் ஏன் நம்பப்படுகிறது? முதலாம் உலகப்போரிற் பங்குகொண்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக் 1921இல் எழுதிய கட்டுரையில், சமூக மனத்தில் ஏலவே உள்ள அச்சங்களும் எண்ணங்களுமே பொய்ச் செய்திக்கு உயிரளிக்கின்றன எனக் காட்டினார். ஜோர்ஜ் லெஃபெவ்ர் 1932இல், 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் கிராமங்களைப் பீடித்த பேரச்சத்தைப் பஞ்சத்தோடும் நிலவுடைமை உறவுகளோடும் தொடர்புபடுத்தி விளக்கினார். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய்யைத் தொடர்ந்து தாக்குதல்கள் நடந்தன. அப்பொருள் வெறும் மாவென்பதே பரிசோதனை முடிவு. உணவிற் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதனையும் மருத்துவம் அறியாது. ஆனால் அந்த உண்மை வருமுன்னரே மார்ச்சில் திகனை எரிந்தது. இனவாதம் நெடுங்காலமாக ஊட்டிவந்த அச்சத்தின் விளைச்சலே அது. மக்களின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று இலாபமீட்டும் முகநூல், தன் தளம் அவ்வன்முறையிற் பெற்ற பங்குக்காக 2020இல் வருத்தம் தெரிவித்தது.

நமது பள்ளிகளில் ‘அறிவுடைமை’ அதிகாரத்துக் குறளை மனனஞ் செய்வித்ததோடு கடமை முடிந்ததெனக் கருதுவோர் உளர். (பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைக்கிறது.) முறையறியாத ஐயம் எதையும் நம்பாத வெறுமைக்கே இட்டுச்செல்லும். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்குப் பயன்படும். வரலாற்றாசிரியரும் மாணவரும் ஒரு தளத்தினுள்ளேயே நின்று அதன் தோற்றத்தை ஆராய்ந்து பெரும்பாலும் ஏமாந்தனர். தகவல் சரிபார்ப்பவரோ உடனே அதனைவிட்டு வெளியேறி, அதனைப்பற்றிப் பிறர் கூறுவதைத் தேடி விரைவில் உண்மையை அணுகினர். நூலை ஆழ்ந்து படிக்கப் பழக்கும் நமக்கு இது சற்றுச் சங்கடமான முடிவுதான்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எது பொய்யென்பதைத் தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்திற்று. நாம் வேண்டுவது தீர்மானிக்கும் ஆற்றல் வகுப்பறையில் வளர்வதை. கார்த்திகை மழை தொடங்குமுன் மாணவரைக் குளக்கட்டுக்கு அழைத்துச்சென்று நீர்மட்ட அளவுகோலை வாசிக்கப் பழக்கலாம். மழை நாட்களில் வந்த செய்தி, வந்த நேரம், முதலில் அனுப்பியவர், அதனால் நன்மையடைபவர், இழப்படைபவர் என ஒரு கொப்பியிற் குறிக்கச் செய்யலாம். அவற்றை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தலோடும் கமக்காரர் அமைப்பினர் கண்ட அளவோடும் ஒப்பிடலாம். 2009இல் முகாமிலிருந்த பெற்றோரின் பிள்ளை, “திணைக்களத்தின் எண்ணை நான் ஏன் நம்பவேண்டும், சேர்?” எனக் கேட்கக்கூடும். ஆசிரியர் அவனை அடக்கிவிடாமல், மறுநாளும் அளவுகோலடிக்குக் கூட்டிச்செல்ல வேண்டும்.