ஜவ்வாது மலைச் சாமையும் கணினி ஏஜெண்டும்

ஏஜெண்ட் என்ற சொல் நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிதல்ல. மண்டியில் சரக்கு பிடித்துக் கொடுப்பவர், வெளியூர்ப் பார்ட்டியிடம் விலை பேசி முடிப்பவர், அதற்குரிய தரகை வாங்கிக்கொள்பவர் என்று பலரை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது அதே பெயரில் ஒரு கணினி நிரல் வந்திருக்கிறது. நமது கடையின் இணையதளத்தைப் பரிசோதித்து, கூகுள் போன்ற தேடுபொறிகளின் கண்ணில் அது படும்படி பழுது பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. இதனால் மளிகைக் கடைக்காரருக்கு என்ன ஆதாயம், எங்கே ஆபத்து என்பதை ஜவ்வாது மலைச் சரக்கை வைத்தே பார்ப்போம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையின் சாமை, தேன், புளி, பலா ஆகியவற்றை அடிவாரத்துப் போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் வணிகர்கள் காலங்காலமாக வாங்கி விற்று வருகிறார்கள். ஜமுனாமரத்தூரில் மலைவாழ் உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனமும் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, சாமை என்ற பெயர் நகரத்து இல்லங்களில் நன்றாக அறிமுகமாகிவிட்டது. சென்னையில் இருக்கும் ஒருவர் செல்போனில் தேடுகிறார். முதலில் கண்ணில் படும் கடைக்கு ஆர்டர் போகிறது. மலையடிவாரத்தில் நேரடியாகச் சரக்கெடுக்கும் நம்மவர் கடை ஐந்தாம் பக்கத்தில் இருந்தால் அதைத் தேடிப் போகிறவர் யார்?

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜவ்வாது மலை, ஜவாது மலை, சவ்வாது மலை என்று தமிழிலேயே பலவிதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு ‘வி’ போடுவோர் உண்டு, இரண்டு ‘வி’ போடுவோர் உண்டு, ‘டபிள்யூ’ போடுவோரும் உண்டு. வெறும் ‘ஜவ்வாது’ என்று தேடினாலோ வாசனைப் பொடி டப்பாக்கள் வரிசையாக வந்து நிற்கின்றன! தேடுபொறிகள் எழுத்து வேறுபாட்டை ஓரளவு சமாளிக்கும் என்றாலும், கடைப் பெயர்ப் பலகையில் ஒன்று, இணையதளத்தில் ஒன்று, கூகுள் வரைபடத்தில் வேறொன்று என்று இருந்தால் இவை மூன்றும் ஒரே கடைதானா என்ற ஐயம் அதற்கு வந்துவிடும். ஆலங்காயம், காவலூர்ப் பகுதிகள் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. இன்னும் பழைய மாவட்டப் பெயரையே தாங்கி நிற்கும் முகவரிகளை உடனே திருத்துவது நலம். (காவலூர் வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் கோடானுகோடி மைல் தொலைவிலுள்ள நட்சத்திரங்களைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. அதே மலையடிவாரத்துக் கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.)

கண்ணுக்குத் தெரியாத பழுதுகள்

தேடுபொறி நமது தளத்திற்கு ஒரு நிரலை அனுப்புகிறது. அது பக்கம் பக்கமாகப் படித்துப் பேரேட்டில் பதிவு செய்துகொள்கிறது. எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ‘ரோபோட்ஸ்’ என்ற சிறு கோப்பு 1994 முதல் வழக்கத்தில் உள்ளது. தளத்தைக் கட்டியவர், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று அதில் ஒரு வரியில் தடை போட்டு வைப்பதுண்டு. திறப்பு விழா முடிந்தபின் அந்த வரியை நீக்க மறந்துவிட்டால், கடை திறந்திருந்தும் ஷட்டர் இறங்கியிருப்பது போலத்தான். வேர்ட்பிரஸ் தளங்களில் இதே போன்ற தடைக்கு ஒரு சிறு கட்டத்தில் டிக் அடித்தாலே போதும். எனவே இது எளிதில் நேரக்கூடிய பிழை.

செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றுவது அடுத்த பிழை. நான்கைந்து மெகாபைட் எடையுள்ள படங்கள் ஒரு பக்கத்தில் பத்து இருந்தால், சிக்னல் குறைந்த இடத்தில் அது திறப்பதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. விலைப்பட்டியலை அச்சடித்து அதைப் போட்டோ பிடித்துப் போடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பதில் பொருளின் பெயர், எடை, விலை, இருப்பு ஆகியவற்றை எழுத்தாகவே தர வேண்டும். 2011இல் கூகுள், மைக்ரோசாப்ட், யாஹூ நிறுவனங்கள் கூடி வகுத்த ‘ஸ்கீமா’ என்ற குறியீட்டு முறையில் அவற்றைக் கொடுத்தால் தேடுபொறி சந்தேகமின்றிப் புரிந்துகொள்ளும்.

பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் அந்தப் பக்கத்தையே அழித்துவிட்டு, மறு வருடம் புதுப் பக்கம் போடுகிறோம். ஒரு வருடமாகச் சேர்த்த பெயர் போய்விடுகிறது. பக்கத்தை அப்படியே விட்டு, ‘இப்போது இருப்பு இல்லை, அடுத்த பருவத்தில் கிடைக்கும்’ என்று மாற்றினால் போதுமானது.

இத்தனையையும் தினமும் உட்கார்ந்து பார்க்க மளிகைக் கடையில் யாருக்கு நேரம்? இங்கேதான் ஏஜெண்ட் உதவுகிறது. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ‘என் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் வாரம் ஒரு முறை சோதித்து, உடைந்த இணைப்பு, தலைப்பில்லாத பக்கம், கனமான படம், இருமுறை வந்த பக்கம் ஆகியவற்றைப் பட்டியல் போடு’ என்று தமிழிலேயே சொல்லலாம். அது தானாகப் பக்கங்களைத் திறந்து பார்க்கும். கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ கணக்குடன் இணைத்தால் அந்த விவரத்தையும் படிக்கும். அனுமதி தந்தால் திருத்தவும் செய்யும். தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனமும் 2025இல் தன் ‘ஜியா’ வரிசையில் ஏஜெண்டுகளை உருவாக்கும் வசதியை வெளியிட்டது.

சாவி யார் கையில்?

அனுமதி என்று சொன்னோம் அல்லவா, அங்கேதான் நிதானம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல் நாளே கல்லாச் சாவியைக் கொடுப்போமா? ஏஜெண்டுக்கும் முதலில் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். ஒரு மாதம் அதன் பட்டியலைச் சரிபாருங்கள். பிறகு படத்தைச் சுருக்குவது போன்ற சிறு வேலைகளை ஒப்படையுங்கள். விலை மாற்றுவது, பக்கத்தை நீக்குவது, ரோபோட்ஸ் கோப்பில் கை வைப்பது எல்லாம் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே நடக்க வேண்டும். தளத்தின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும். அது படிக்கும் வெளிப் பக்கங்களில் யாராவது மறைத்து வைத்த கட்டளையை உங்கள் கட்டளை என்று எண்ணி ஏமாறவும் வாய்ப்புண்டு என்பதால், வங்கி, யு.பி.ஐ. விவரங்களை அதனிடம் தரவே வேண்டாம்.

இன்னொரு பெரிய ஆபத்து, அது எழுதும் வர்ணனை. சாமையைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால், ‘சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும்’ என்று கூசாமல் எழுதிவிடக் கூடும். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன் 53ஆம் பிரிவின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த நோட்டீஸ் கணினிக்கு வராது, கடைக்குத்தான் வரும். தேடலில் முந்துவதற்காக மட்டும் பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிமீறல் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

‘இத்தனை ரூபாய் கட்டினால் முதல் இடம் உத்தரவாதம்’ என்று தொலைபேசியில் அழைப்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதி வைத்துள்ளது. வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்கும் கட்டணம் கிடையாது.

ஏஜெண்டை அமர்த்துமுன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் தளத்தின் டொமைன் பெயர் உங்கள் பெயரில் பதிவாகியுள்ளதா, தளம் கட்டிக் கொடுத்தவர் பெயரிலா என்று கேட்டறியுங்கள். அவர் பெயரில் இருந்தால் முறைப்படி மாற்றி வாங்கி, புதுப்பிக்க வேண்டிய தேதியை மறக்காமல் குறித்து வையுங்கள்.