கல்வராயன் மலையில் ஒற்றையடிப் பாதை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

மலை என்றதும் நம் நினைவுக்கு வருவன உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகியவையே. நம் பள்ளியின் மாடியில் நின்றால் மேற்கே நீல நிறமாய் நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையோ யார் நினைவுக்கும் வருவதில்லை. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது இதுதான் போலும்! பத்தாண்டுகளாக அம்மலையைப் பார்த்துக்கொண்டே படித்த நாங்கள், பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமையன்று அங்கே நடந்து பார்த்தோம். கண்டதையும் கற்றதையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மலையும் காடும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன் எனப்படும். சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் சுமார் 2,700 அடி. பெரிய கல்வராயனோ சில இடங்களில் 4,000 அடியைத் தொடுகிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலையின் ஒரு பகுதி நம் மாவட்டத்திலும், கருமந்துறை முதலிய பகுதிகள் சேலம் மாவட்டத்திலும் அமைந்துள்ளன.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும், காடு படிப்படியாக உடை மாற்றுவதைக் கண்டோம். அடிவாரத்தில் கள்ளியும் முட்புதர்களும். சுமார் 400 மீட்டருக்கு மேல் இலையுதிர் காடு. மழை ஓய்ந்த மாதங்களில் நீரைச் சேமிப்பதற்காகவே இம்மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார். 800 மீட்டருக்கு மேல் புல்வெளிகளும், ஈரம் தங்கும் மடிப்புகளில் பசுமை மாறாச் சோலைகளும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று பாடத்தில் படித்ததை அன்று உடம்பே உணர்ந்தது. கள்ளக்குறிச்சியில் வியர்த்த நாங்கள் கரியாலூரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டோம்!

இம்மலையில் பெய்யும் மழையைக் காட்டு மண் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகிறது. கோமுகி ஆறு இங்கே பிறந்து மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகிறது. நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் இம்மலைக்கும் உள்ள உறவு இப்போது விளங்குகிறதல்லவா?

பாதை யாருடையது?

கரியாலூரில் எங்களுக்கு வழிகாட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "தாத்தா, எவ்வளவு தூரம்?" என்று கேட்டோம். "பேசாம நடந்தா கிட்ட, பேசிக்கிட்டு நடந்தா தூரம்" என்று சிரித்தார். கடுக்காய் மரத்தைக் காட்டி, அதன் காய் மருந்துக்கும் தோல் பதனிடவும் பயன்படுவதைச் சொன்னார். நெல்லி, தான்றி ஆகியவற்றோடு கடுக்காய் சேர்ந்ததே திரிபலா என்பதை அங்கேதான் அறிந்தோம். சாமை அறுத்த காட்டையும் மரவள்ளித் தோட்டத்தையும் கடந்து சென்றோம்.

ஒரு சரிவில் பாதை வலமும் இடமுமாக வளைந்து சென்றது. அவசரக்காரிகளான நாங்கள் சிலர் வளைவை விட்டுவிட்டு, புல்லைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கி, கீழே நின்று வெற்றிக் களிப்போடு கைதட்டினோம். தாத்தா கோபிக்கவில்லை. மெல்ல இறங்கி வந்து, நாங்கள் சறுக்கிய தடத்தைக் கைத்தடியால் காட்டினார்.

"நீங்க இன்னிக்கு வந்துட்டு இன்னிக்கே போயிடுவீங்க, கண்ணு. அடுத்த மழைக்கு இந்தத் தடத்துல தண்ணி இறங்கும். அதுக்கடுத்த மழைக்கு இது ஓடையாயிடும். அப்புறம் மேலே இருக்கிற பாதையும் அறுந்து போயிடும். என் பேத்தி பள்ளிக்கூடம் போற வழிம்மா இது."

நாங்கள் தலைகுனிந்தோம். எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் மலையூர்த் தோழி ஒருத்தி அப்போதுதான் வாய் திறந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை தானும் இப்படியொரு பாதையில்தான் தினமும் நடந்ததாகச் சொன்னாள். மூன்று ஆண்டுகள் எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவள். நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எங்களுக்கு உல்லாசமான நடை அவளுக்கு அன்றாட நடை!

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. 1976 வரை இம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்கிய தடங்களே நாம் இன்று இயற்கை நடை என்று போகும் வழிகள்.

மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட் தீவில் சமாரியா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் நடைபாதை உலகப் புகழ் பெற்றது. 1962-இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது உள்ளே இருந்த சமாரியா கிராம மக்கள் வெளியேறினர். இன்று அங்கே நடப்பவர்கள் ஆளில்லாத கல்வீடுகளைக் கடந்து போகிறார்கள். நம் மலையின் சிறப்பு, பாதையோரத்தில் இன்றும் அடுப்புப் புகை எழுவதுதான்.

நடப்பவர் அறிய வேண்டியவை

முதலாவது, அனுமதி. காப்புக்காட்டிற்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024-இல் வனத்துறை மாநிலத்தின் பல பகுதிகளில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு நடக்க வழி செய்துள்ளது. இவ்வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலை மக்களே.

இரண்டாவது, நேரக் கணக்கு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எளிய விதியொன்றைத் தந்தார். அதை மீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம் ஆகும். நம்மைப் போல் நின்று பூப் பார்ப்பவர்கள் அதில் பாதியையும் கூட்டிக்கொள்வது நல்லது. மாலை 4 மணிக்குள் ஊர் திரும்பும்படி கணக்கிட வேண்டும். கரடிகள் உலவும் காட்டில் இருட்டில் நடப்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, தண்ணீர். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் பலர் வருகின்றனர். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும்போதே மலையின் மேல்பகுதியில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனச் செந்நிறமாகிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே கரையேறி உயரமான இடத்திற்குச் செல்ல வேண்டும். சமாரியா பள்ளத்தாக்கையும் மழை மிகுந்த குளிர்காலத்தில் இதனால்தான் மூடிவிடுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பாட்டி சொல் மட்டுமன்று, பாறைக்குழிகளில் அது உயிர் காக்கும் சொல்.

நான்காவது, தீ. மழை ஓய்ந்து புல் காய்ந்த பிப்ரவரி முதல் மே வரை ஒரு தீக்குச்சியும் பகையே. சூடான காற்று மேலெழுந்து மேலேயுள்ள புல்லை முன்னரே காய வைப்பதால், தீ சரிவில் ஏறும்போது வேகம் கூடும். எனவே தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் புல்லில்லாத பாறைவெளியை அடைய வேண்டும்.

ஐந்தாவது, பாதையை விட்டு விலகாமை. இதைத் தாத்தாவிடம் கற்றோம்.

திரும்பி வருகையில்

ஊர் திரும்புமுன் ஒரு காரியம் செய்தோம். நாங்கள் சறுக்கிய தடத்திற்கே மீண்டும் சென்று, தாத்தா காட்டியபடி கற்களைக் குறுக்கே அடுக்கி, முள் வெட்டிப் போட்டு அதை அடைத்தோம். அரை மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இறங்கியதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை! மலையூர்த் தோழிதான் கல் எடுத்துக் கொடுத்தாள். வழியில் கிடந்த நெகிழிப் பைகளையும் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டோம்.

இப்போது மழை பெய்யும் இரவுகளில் எங்களுள் யாராவது ஒருத்தி, "அந்தக் கல்லெல்லாம் நிற்குமாடி?" என்று கேட்கிறாள். "நிற்கும்" என்கிறாள் மலையூர்த் தோழி. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளே, நீங்கள் அங்கே போனால் பார்த்து வந்து எங்களுக்குச் சொல்லுங்கள். ஒரு கல் சரிந்திருந்தால் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். அது ஒரு சிறுமி பள்ளிக்குப் போகும் வழி.