அளவு தெரியுமா உங்களுக்கு?

புடைவை எடுக்க நம் பெண்மணிகள் பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். ரவிக்கைத் துணி கொடுக்கும்போது, "கை அரை அங்குலம் குறையட்டும்" என்று தையற்காரரிடம் கறாராகச் சொல்லுவார்கள். ஆனால் உள்ளே அணியும் பாடி விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு சங்கோசம் வந்துவிடுகிறது! கடைக்காரர் கேட்டதும், கல்யாணத்தின்போது வாங்கிய பழைய எண்ணை முணுமுணுத்துவிட்டுப் பொட்டலத்தோடு திரும்பிவிடுவார்கள். இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் அதே எண்தான். அப்புறம் தோளில் பள்ளம், விலாவில் சிவந்த தடம், இராத்திரி கழற்றினால்தான் நிம்மதி!

இந்த அவஸ்தை தேவையே இல்லை. தையல் பெட்டியில் இருக்கும் இஞ்சு டேப்பும், ஒரு கண்ணாடியும், ஐந்து நிமிஷமும் போதும்.

பஞ்சு வைக்காத மெல்லிய பாடி ஒன்றை அணிந்து, கண்ணாடி முன் நிமிர்ந்து நில்லுங்கள். முதலில் மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். முதுகுப் பக்கம் அது ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூச்சை வெளியே விட்டு, சற்று இறுக்கமாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி இறுக்காமல் அளந்துகொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. நம் கடைகளில் கிடைக்கும் பல பாடிகளுக்கு, கீழ் அளவோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டி இரட்டைப்படை எண்ணாக்க வேண்டும். கீழ் அளவு 29 என்றால், 5 கூட்டி 34. மேல் அளவு 36 என்றால், வித்தியாசம் 2. வித்தியாசம் 1 ஆனால் ஏ, 2 ஆனால் பி, 3 ஆனால் சி, 4 ஆனால் டி. ஆகவே உங்கள் அளவு 34 பி.

சில கம்பெனிகள் எதையும் கூட்டுவதில்லை; கீழ் அளவையொட்டியே எண் வைக்கின்றன. அங்கே எண்ணும் மாறும், எழுத்தும் மாறும். ஆகையால் அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

போட்டுப் பார்ப்பதுதான் கடைசிப் பரீட்சை. புதிய பாடியை, தளர்வாக நிற்கும் கடைசிக் கொக்கியில் மாட்டுங்கள். நாளடைவில் எலாஸ்டிக் தொய்யும்போது அடுத்த கொக்கிக்குப் போகலாம். பட்டிக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கைகளை உயர்த்திப் பாருங்கள். முதுகுப் பட்டி மேலே ஏறினால் பட்டி பெரிது. மார்பு பிதுங்கினால் கப் சிறிது; துணி சுருங்கி நின்றால் கப் பெரிது. தோள் வார் அழுத்தினால், பாரத்தைப் பட்டி தாங்கவில்லை என்று அர்த்தம். 34 பி-யில் பட்டி மட்டும் தளர்ந்தால், 32 சி போட்டுப் பாருங்கள். இரண்டிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

உடம்பு பூசினாலும், இளைத்தாலும், பிரசவத்துக்குப் பின்னும், குழந்தை பால்குடி மறந்த பின்னும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

வளரும் பெண் வீட்டில் இருந்தால் அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வெட்கத்தால் அளவு தவறியதை மாட்டிக்கொண்டு, கூனிக் குறுகி நடக்கும் வழக்கம் இந்தத் தலைமுறையோடு போகட்டும். அவளாவது கடையில் நிமிர்ந்து நின்று, தன் அளவைச் சொல்லி வாங்கட்டும்!