காதங்கியின் பச்சைக் கற்றை

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற வழியில், பாகாலா பக்கம், காதங்கி என்றொரு ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்காமலேயே கடந்துவிடுவார்கள். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் இருக்கிறது. 1998இல் ஜப்பானியர் ஒத்துழைப்போடு அங்கே லைடார் என்ற லேசர் கருவி ஒன்று நிறுவப்பட்டது. மேகமில்லாத இரவில் பச்சைக் கற்றை ஒன்று நேர்குத்தாக மேலே ஏறும்.

நொடிக்குப் பல முறை லேசர் துடிக்கும். வழியில் உள்ள தூசு ஒளியைச் சிதறடிக்க, அதில் துளியூண்டு கீழே திரும்பி வரும். பக்கத்தில் உள்ள தொலைநோக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். போய்வர ஒரு மைக்ரோவினாடி ஆனால் தூசு 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் என்றால் சுமார் 67 மைக்ரோவினாடி.

உயரம் தெரிந்தது. என்ன தூசு? உருண்டையான கந்தக அமிலத் துளி, ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றாமல் திருப்பி அனுப்பும். கோணல்மாணலான மண்துகளும் பனிப்படிகமும் அதைக் கலைத்துவிடும். ஆனால் இது நடையை வைத்து ஆளை ஊகிக்கிற மாதிரிதான். வேதியியல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருளின் பெயரையே சொல்வது, திரும்பி வரும் ஒளியின் நிறமாற்றம். திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28இல் கண்டது அதுதான். பட்ட ஒளியிலிருந்து ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஒரு பங்கு ஆற்றலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறு நிறத்தில் விடும். 532 நானோமீட்டர் பச்சை, நைட்ரஜனில் பட்டால் 607 ஆகத் திரும்பும். நீராவியில் பட்டால் 660. மணலில் இருக்கிற குவார்ட்ஸில் பட்டால் 546. ஆசியப் பாலைவனத் தூசுக்குள் குவார்ட்ஸ் இருப்பதை, ஒரு துகளைக்கூடக் கையால் தொடாமல், ஜப்பானில் உள்ள ஆய்வாளர்கள் இந்த வழியில் 2005 வாக்கில் காட்டினார்கள்.

தொல்லை என்னவென்றால், ராமன் ஒளி சாதாரணச் சிதறலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பகல் வெளிச்சத்தில் அது மூழ்கிவிடும். அதனால் இது பெரும்பாலும் ராத்திரி வேலை.

பருவமழைக் காலத்தில் தெற்காசியாவுக்கு மேலே, 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில், மெல்லிய தூசு அடுக்கு ஒன்று சேர்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் லைடார்தான். கலிப்ஸோ என்ற செயற்கைக்கோளில் இருந்த லைடார் அது. ஆனால் அது எதனால் ஆனது என்று அறியப் பலூன் தேவைப்பட்டது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து காதங்கியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கருவிகளைப் பறக்கவிட்டன. 2017இல் ஹைதராபாத்திலிருந்து போன பலூன்கள் மேலேயே துகள்களைச் சேகரித்துக்கொண்டு இறங்கின. ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தபோது, அளந்த உப்புகளில் மேலோங்கி இருந்தவை நைட்ரேட்டும் நைட்ரைட்டும்.