எண்ணூர்க் கழிமுகத்தில் மீனும் பருந்தும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

மேலைநாடுகளில் இளவேனில் பிறந்ததும் மக்கள் மலையோர ஆறுகளை நாடிச் செல்வது வழக்கம். பனி உருகி ஓடும் ஆற்றில் முழங்காலளவு நீரில் நின்று ‘டிரௌட்’ என்னும் மீனுக்குத் தூண்டில் வீசுவர். அதே மீனுக்காக வானில் வட்டமிடும் கழுகுகளைத் தொலைநோக்கி வழியே கண்டு களிப்பர். இதற்கென்றே ஆற்றங்கரை விடுதிகள் உண்டு. நம் கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கில இதழில் இந்தப் படங்களைப் பார்த்த தோழி ஒருத்தி, “இதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?” என்றாள். எண்ணூரில் கிடைக்கும், மாநகரப் பேருந்திலேயே போகலாம் என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்குச் சொன்ன விளக்கத்தையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

எண்ணூர் என்றதும் புகைபோக்கியும் சரக்கு லாரியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை நகரத்து வெள்ளையர்கள் படகு விடவும் மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் வந்த இடம் இதே எண்ணூர்தான் என்றால் நம்புவீர்களா? அவர்களுக்கு மீன்பிடிப்பதில் தீராத மோகம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873ஆம் ஆண்டிலேயே ஒரு தனி நூல் எழுதினார். பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் படைத்தவர், 1860களில் டிரௌட் மீனை நீலகிரியில் குடியேற்ற முயன்று தோற்றார். பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் முயற்சியால் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்து, டிரௌட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. 

அந்த மீனை எண்ணூருக்கு ஏன் கொண்டுவர முடியாது? இங்குதான் இயற்பியல் வருகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 10 பாகை சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். உப்புநீரில் இன்னும் குறைவு. டிரௌட் 20 பாகைக்குக் கீழே வாழ விரும்பும் மீன். நம் கழிமுகம் அதற்குக் கொதிநீர் அண்டா.

நமக்கு அது இல்லை என்று வருந்த வேண்டியதில்லை. மடவை இருக்கிறது, கொடுவா இருக்கிறது, கிழங்கான், பச்சை நண்டு, வெள்ளை இறால் இருக்கின்றன. கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டிக் கீழே வந்து, பக்கிங்காம் கால்வாயைச் சந்தித்து, எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்து மணலை அடித்துத் திறந்துவிடும். தை பிறந்து வெள்ளம் தணிந்ததும் கடல்நீர் ஏற்றத்தோடு உள்ளே வரும். இங்கு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர்தான் எங்கள் குப்பங்களுக்குச் சோறு. ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலவு தள்ளிப்போவதே காரணம். இதை நான் வகுப்பில் படித்தேன். என் ஆயா பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். ஆனால் நாளைக்கு எத்தனை மணிக்கு நீர் வற்றும் என்பதை இன்றே சொல்லிவிடுவார்.

இறாலின் கதை சுவையானது. தாய் இறால் கடலில் முட்டையிடும். நூலிழை போன்ற குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் புகுந்து, சேற்றிலும் அலையாத்திச் செடிகளின் வேரடியிலும் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆண்களுக்கு வீச்சுவலை. பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தபடியே நகர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பழவேற்காடு பக்கத்து இருளர்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரு கையாலும் தடவுவார்கள். தூண்டில் இல்லை, வலை இல்லை. விரல் நுனியே கருவி. மேலைநாட்டு விடுதிகளில் இப்படியொரு கலை உண்டா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்!

இனிப் பருந்துக்கு வருவோம். எண்ணூரில் எளிதாகக் காணக்கூடியவை இரண்டு. பழுப்பு நிறத்தில், வாலின் நுனி கவைபோலப் பிளந்திருந்தால் அது சாதாரணப் பருந்து. உடல் செங்கல் நிறமாகவும் தலையும் மார்பும் வெண்மையாகவும் வால் நுனி உருண்டும் இருந்தால் அது செம்பருந்து. இதைத்தான் கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். குஞ்சுப் பருவத்தில் அதுவும் பழுப்பாகவே இருக்கும். அப்போது வாலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கழித்தெறியும் மீனுக்காக இவ்விரண்டும் நூற்றுக்கணக்கில் சுற்றும். கருடனுக்கு நாம் கும்பிடு போடும்போது அது படகுக்காரர் எறிந்த அழுகல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் உண்மையான மீனவன் மூன்றாவது பறவை. விராலடிப்பான் என்பது அதன் பெயர். (விரால் நன்னீர் மீன், உப்பங்கழியில் இது அடிப்பது பெரும்பாலும் மடவையைத்தான். பெயர் வைத்தவர் ஏரிக்கரைக்காரர் போலும்.) வடக்கே குளிர் தொடங்கும்போது இங்கு வந்து, பங்குனி வாக்கில் திரும்பிவிடும் விருந்தாளி. இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் மீனே. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாக மீனை இறுக்கும். உள்ளங்காலில் முள்முள்ளாகச் சொரசொரப்பு. நீரில் பாயும்போது மூக்குத் துளையை மூடிக்கொள்ளும். பிடித்த மீனைத் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடித்துப் பறக்கும். காற்று எதிர்ப்புக் குறைய வேண்டுமல்லவா?

இப்பறவை ஒரு கணக்கையும் போடுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் மீன் உண்மை ஆழத்தின் முக்காற்பங்கில் இருப்பதாகத் தோன்றும். சாய்ந்து பார்த்தால் இடமே மாறித் தெரியும். விராலடிப்பான் அந்தரத்தில் சிறகடித்து நின்று, மீனுக்கு மேலாக வந்தபின், காலை நீட்டிச் செங்குத்தாகப் பாய்கிறது. அதன் கால் எட்டுவது மேல்மட்டத்து ஒரு மீட்டர் நீர்தான். நீர்மட்டத்தை ஒட்டி நீந்தித் துள்ளும் மடவை அதற்கேற்ற மீன்.

மீனும் ஏமாளியன்று. நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு மேலுலகம் முழுவதும் 97 பாகைக் கூம்பு ஒன்றுக்குள் அடங்கித் தெரியும். கரையில் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கிப்போகும். டிரௌட் பிடிப்பவர்கள் கரையில் குனிந்தே நடப்பதற்கு இதுதான் காரணம். சிறுவயதில் என் தந்தையாரோடு கழிக்குப் போகும்போது, “குனிஞ்சு வா கண்ணு, மீன் பாக்குது” என்பார். அப்போது விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒளியியல் பாடத்தில் முழு அகப் பிரதிபலிப்பு நடத்திய அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. வீட்டுக்குப் போய்ப் படம் வரைந்து காட்டினேன். “இதுக்கா காலேஜு?” என்றார். ஆனால் அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

பறவைக்கும் மீனவனுக்கும் தேவை இரண்டு: தெளிந்த நீர், திறந்த முகத்துவாரம். எண்ணூரில் இரண்டும் ஆபத்தில் இருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் பல்லாண்டுகளாகப் படிந்திருக்கிறது. நீரில் ஒரு துகளின் குறுக்களவு பாதியானால் அது அமிழும் வேகம் காற்பங்காகிவிடும். சாம்பலின் நுண்துகள் நெடுநேரம் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். சில துகள்கள் உள்ளே வெற்றிடமான உருண்டைகள். அவை அமிழ்வதே இல்லை. மேலிருந்து நோக்கும் பறவைக்கு அது பால் கலந்த நீர். கீழே படிந்த சாம்பல் தரையை உயர்த்துகிறது. என் தந்தையார் இளமையில் மார்பளவு நீரில் வலை வீசிய ஓர் இடத்தில் இன்று வற்றத்தின்போது கணுக்கால் நனைகிறது.

இதன் விளைவு முகத்துவாரம் வரை போகிறது. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதனால்தான். இப்படி நகரும் மணல் ஆற்றின் வாயையும் அடைக்கப் பார்க்கும். அதைத் தள்ளித் திறந்து வைப்பது ஏற்ற வற்றத்தில் உள்ளே புகுந்து வெளியேறும் நீரின் வேகம். கழியின் உட்பரப்பும் ஆழமும் குறைந்தால் புகும் நீரும் குறையும், வேகம் தளரும், வாய் குறுகும். அப்புறம் இறால் குஞ்சு எவ்வழி வரும்? வாய் அடைத்தால் வெட்டித் திறப்பது அவசியந்தான்; உள்ளே சாம்பலை அள்ளாமல் வாயை மட்டும் வெட்டினால் அது நிலைக்காது என்பதே என் கருத்து.

எண்ணெய்யும் சேர்ந்துகொண்டது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் கரிய பசை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள்ளேயே எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் அப்பி நின்றதை நாடே பார்த்தது. எங்கள் வலை பல வாரம் கொடியில் காய்ந்தது. அந்தப் பருவத்துக் கல்லூரிக் கட்டணத்துக்கு என் தாயாரின் கம்மல் அடகுக்குப் போனது. அடுத்த தை மாதத்தில் மடவை வந்தது. ஆனால் எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் மூக்கைச் சுளித்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பறவைகள் வருகின்றன. காண விரும்பும் நண்பர்கள் தை முதல் பங்குனிக்குள், காலையில், நீர் வற்றத் தொடங்கும் நேரமாகப் பார்த்து வரலாம். வற்றும் நேரத்தைக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகருக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வரும். வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்துகொள்ளுங்கள். நீரில் நட்ட கழிகளின் மேல், தலை வெளுத்து, கண் வழியே ஒரு கருங்கோடு ஓட, தனியாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அது விராலடிப்பான். ரயில் பாலத்தைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே எண்ணூரிலேயே இறங்கிக் கரைக்கு நடந்து வருவது நல்லது.